நாலு சதவீதம் பிறந்த கதை

திண்டுக்கல் பேருந்து நிலையத்தைச் சுற்றியிருக்கும் பரோட்டாக் கடைகளில் மாலையில் கல் காயும் முன்பே பாமாயில் டின்னைத் திறந்துவிடுவார்கள். 15 கிலோ டின். மூடியின் ஒரு மூலையில் எண்ணெய் வர ஓர் ஓட்டை, எதிர் மூலையில் காற்றுப் போக இன்னொன்று. மாவு பிசைய, வீச, கல்லில் போட்டபின் மேலே ஊற்ற, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு டின்தான். பிரியாணிக்குப் பேர்போன ஊரில் அரிசி சீரகச் சம்பா, ஆடு பக்கத்துச் சந்தை ஆடு என்று பெருமை பேசிக்கொள்ளலாம். பரோட்டாவின் எண்ணெய் மட்டும் இந்தோனேசியாவிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ கப்பலேறி வந்தது. நாட்டுக்கே சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதிதான்.

2022 ஏப்ரல் 28-ஆம் தேதி இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. அதற்கு இரண்டு மாதம் முன்பே ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்து, சூரியகாந்தி எண்ணெய் வரத்தும் முடங்கியிருந்தது. விலைப்பலகையில் பழைய எண்ணின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டிப் புது விலை எழுத வேண்டிய காலம் அது. ஆறு நாள் கழித்து, மே 4-ஆம் தேதி, வழக்கமான கூட்டத் தேதி வரை காத்திருக்காமல், வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் குறுகியகாலக் கடனுக்கான ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து 4.40 ஆக ஏற்றியது மும்பையில் இருக்கும் ரிசர்வ் வங்கி.

ஜகார்த்தாவில் எண்ணெயை நிறுத்தினால் மும்பையில் எதற்கு வட்டி ஏற வேண்டும்? நடுவில் ஓர் எண் நிற்கிறது. ஆண்டுக்கு விலைவாசி ஏற்றம் 4 சதவீதம். மேலே போனால் 6, கீழே இறங்கினால் 2, அதற்குள் நிறுத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கிக்குச் சட்டப்படி ஒரு கட்டளை இருக்கிறது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்த ஞாபகம் யாருக்கும் இருக்காது, ஏனென்றால் அதற்கு வயது அதிகமில்லை. அது பிறந்த விதம் கொஞ்சம் விநோதமானது.

விதை விழுந்தது நியூசிலாந்தில். சின்ன நாடு; வெண்ணெய், கம்பளி, ஆட்டுக்கறி விற்று மற்றதை வெளியிலிருந்து வாங்கிப் பிழைப்பது. 1985 மார்ச்சில் தன் நாணயத்தைச் சந்தையின் கையில் விட்டது. 1987-இன் நடுவில் அங்கே விலைவாசி ஆண்டுக்கு ஏறக்குறைய 19 சதவீதம் ஏறியிருந்தது. பிறகு மெல்ல இறங்க ஆரம்பித்ததும் நிதியமைச்சர் ரோஜர் டக்ளஸுக்கு ஒரு பயம்: பத்துக்குக் கீழே வந்துவிட்டதே, இது போதும் என்று ஜனங்கள் இருந்துவிடுவார்களோ என்று. 1988 ஏப்ரல் 1-ஆம் தேதி தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில், தன் மனதில் இருப்பது பூஜ்யம், அல்லது பூஜ்யத்திலிருந்து ஒன்று சதவீதம் வரை என்று சொல்லிவைத்தார். ஆய்வுக் குழுவும் கிடையாது, கணக்கும் கிடையாது. முட்டாள்கள் தினத்தில் பேச்சுவாக்கில் விழுந்த எண்ணைத்தான் பின்னர் உலகத்து மத்திய வங்கிகள் தத்தம் அளவுக்குத் தைத்துக்கொண்டன.

1989-இல் அந்த நாடு ரிசர்வ் வங்கிச் சட்டத்தை மாற்றியது. விலை நிலைத்தன்மைதான் வங்கியின் வேலை. எண்ணை நிதியமைச்சரும் ஆளுநரும் சேர்ந்து எழுதிக் கையெழுத்திட வேண்டும். தவறினால் ஆளுநரை நீக்கலாம். முதல் ஒப்பந்தத்தில் இலக்கு 0 முதல் 2 சதவீதம். ஆளுநர் டான் பிராஷ் ஊர் ஊராகப் போய் இதை விளக்கியபோது தன் மாமா ஒருவரின் கதையைச் சொல்வார். அவர் 1971-இல் ஆப்பிள் தோட்டத்தை விற்று, வந்த பணத்தை 5.4 சதவீத வட்டிக்கு 18 வருட அரசுப் பத்திரத்தில் போட்டார். பத்திரம் முதிர்ந்தபோது அந்தப் பணத்தின் வாங்கும் சக்தியில் பத்தில் ஒன்பது பங்கு கரைந்துபோயிருந்தது. தோட்டம் விற்றுத் தபால் நிலையத்தில் போட்ட பெரியவர்கள் நம் பக்கத்திலும் உண்டு. அவர்களுக்கு இந்தக் கதையை மொழிபெயர்க்கத் தேவையில்லை.

நியூசிலாந்தில் இது எப்படிப் பலித்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வட்டியை உயர்த்தினால் இரண்டு வேலை நடக்கும். கடன் வாங்குவோர் குறைவார்கள், செலவு குறையும், விலை ஏற்றம் தணியும். இது மெதுவான வழி. இன்னொன்று வேகமானது: அதிக வட்டிக்கு ஆசைப்பட்டு வெளிநாட்டுப் பணம் உள்ளே வரும், உள்நாட்டு நாணயம் வலுக்கும், இறக்குமதிச் சரக்கு உள்ளூர்க் காசில் மலிவாகும். பெட்ரோலிலிருந்து சட்டை வரை வெளியிலிருந்து வாங்கும் சின்ன நாட்டில் இரண்டாவது வழி உடனே கடைத்தெருவில் தெரியும். 1991 முடிவதற்குள் விலை ஏற்றம் 2 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது. வேலையில்லாதோர் விகிதம் பத்து சதவீதத்தைத் தாண்டியதும் அதே காலத்தில்தான். 1991-இல் கனடா, 1992-இல் பிரிட்டன், அடுத்து ஸ்வீடன், ஆஸ்திரேலியா என்று இந்த முறை பரவியது. கதவு திறந்த பொருளாதாரங்களில், நாணயம் மிதக்கும் நாடுகளில் வளர்ந்த பிள்ளை இது. இந்தியாவுக்கு வந்தபோதும் அந்த ஜாடை மாறவில்லை.

நம் பக்கத்தில் 4 என்ற எண் அதற்கு முன்பே ஒரு தடவை உச்சரிக்கப்பட்டிருக்கிறது. 1985-இல் சுகமோய் சக்கரவர்த்தி தலைமையிலான குழு, ஆண்டுக்கு 4 சதவீத விலை ஏற்றம் பொறுத்துக்கொள்ளத்தக்கது என்று எழுதியது. அறிக்கை எழுதப்பட்டதோடு சரி, எண் யாரையும் கட்டிப்போடவில்லை. அதற்குப் பத்து வருடம் முன்பு, அரபு நாடுகள் கச்சா எண்ணெய் விலையை நான்கு மடங்கு ஆக்கியதற்குப் பிந்தைய 1974-75-இல், இங்கே மொத்த விலைக் குறியீடு 25 சதவீதம் ஏறியது. 1991-இல் வளைகுடாப் போருக்குப் பிறகு டாலர் தீர்ந்து, தங்கத்தை விமானத்தில் ஏற்றி லண்டனில் அடகு வைத்தோம். ஜூலை முதல் வாரத்தில் ரூபாயின் மதிப்பை இரண்டு தவணையில் இறக்கினார்கள். ஆகஸ்டில் மொத்த விலை ஏற்றம் 17 சதவீதத்தை ஒட்டி நின்றது. வெளியிலிருந்து வரும் விலை இந்திய அடுப்பை எரிப்பது புதிதல்ல என்பதற்குத்தான் இவ்வளவும்.

அப்போது வட்டியைக் காட்டி எதையும் பிடிக்க முடியாத நிலை. அரசுக்குப் பணம் தேவைப்பட்டால் தற்காலிகக் கருவூல உண்டியல் ஒன்றை எழுதி நீட்டும். ரிசர்வ் வங்கி நோட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். அரியலூர்க்காரரான சி. ரங்கராஜன் ஆளுநராக இருந்த காலத்தில், 1994-இலும் 1997-இலும் போடப்பட்ட இரண்டு ஒப்பந்தங்கள் அந்தக் குழாயை மூடின. பேசப்படாமல் போன காரியங்களில் இது ஒன்று. இது நடந்திராவிட்டால் 4 என்ற எண்ணை எழுதி வைத்தும் பயனில்லை.

பிறகு 2013. மே 22-ஆம் தேதி அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பென் பெர்னான்கி, பத்திரங்கள் வாங்குவதைக் குறைக்கலாம் என்று கோடிகாட்டினார், அவ்வளவுதான். ஆகஸ்ட் 28-ஆம் தேதி ஒரு டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. நுகர்வோர் விலை ஏற்றம் நவம்பரில் 11 சதவீதத்துக்கும் மேல். அந்தக் கொந்தளிப்பின் நடுவில் செப்டம்பர் 4-ஆம் தேதி ஆளுநர் நாற்காலியில் உட்கார்ந்தார் ரகுராம் ராஜன். எட்டே நாளில் துணை ஆளுநர் உர்ஜித் படேல் தலைமையில் ஒரு குழு. 2014 ஜனவரியில் வந்த அறிக்கை மூன்று காரியம் சொன்னது. மொத்த விலைக் குறியீட்டை விட்டுவிட்டு, வீட்டுச் செலவை அளக்கும் நுகர்வோர் விலைக் குறியீட்டைப் பிடிக்க வேண்டும். ஓராண்டில் 8, ஈராண்டில் 6, பிறகு 4 என்று படியிறங்க வேண்டும். வட்டியை ஆளுநர் தனியாக முடிவு செய்யக் கூடாது, குழுவாக ஓட்டுப் போட வேண்டும்.

முதல் காரியத்தில்தான் வம்பு ஒளிந்திருந்தது. 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட அந்தக் குறியீட்டுக் கூடையில் உணவுக்கும் பானத்துக்கும் 45.86 சதவீத எடை இருந்தது. நியூசிலாந்தில் நாணயத்தைப் பிடித்தால் விலை அடங்கும். இங்கே அன்றைய கூடையில் ஏறக்குறைய பாதி தக்காளியும் பருப்பும் எண்ணெயும். மழை பொய்த்தால் ஏறுவது, இந்தோனேசியா கதவடைத்தால் ஏறுவது. உணவை விட்டுவிட்டு அளந்தால் மும்பையின் வேலை சுலபம், ஆனால் சாப்பாட்டைக் கணக்கில் எடுக்காத விலைவாசியை எந்தக் குடும்பம் நம்பும்? குழு நேர்மையான பக்கத்தையே எடுத்தது என்பேன். சிரமம் அப்படியே நின்றது.

2015 பிப்ரவரி 20-ஆம் தேதி அரசும் ரிசர்வ் வங்கியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2016-இல் சட்டம் திருத்தப்பட்டு, ஆகஸ்ட் 5-ஆம் தேதி இலக்கு அரசிதழில் ஏறியது. ரிசர்வ் வங்கி மூவர், அரசு நியமிக்கும் மூவர் என ஆறு பேர் கொண்ட பணக் கொள்கைக் குழு அக்டோபர் 4-ஆம் தேதி தன் முதல் முடிவை ஒருமனதாக எடுத்தது: வட்டி 6.50-லிருந்து 6.25. பிள்ளைக்கு ஜாதகம் நன்றாக இருந்தது. 2014 ஜூனில் பீப்பாய் 110 டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய் 2015 ஜனவரியில் 50-க்குக் கீழ் சரிந்திருந்தது. விலைவாசி இறங்கியதற்குப் புது முறை பாதி காரணம் என்றால் கச்சா எண்ணெய் மீதிப் பாதி. அதிர்ஷ்டத்தைத் திறமையின் கணக்கில் எழுதிக்கொள்வது மத்திய வங்கிகளுக்கும் வழக்கந்தான்.

உண்மையான பரீட்சை 2022-இல். ஏப்ரலில் விலை ஏற்றம் 7.79 சதவீதம். பரோட்டாக் கடை டின்னின் விலை மூன்று எண்களின் பெருக்கல்: டாலரில் உலக விலை, ஒரு டாலருக்கு எத்தனை ரூபாய், அதன்மேல் எவ்வளவு சுங்கம். ஒரு டன் பாமாயில் 1,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாலர் 75 ரூபாயாக இருந்தால் கிலோ 75 ரூபாய். உலக விலை அசையாமல் டாலர் மட்டும் 82 ஆனால் கிலோ 82. கப்பலில் ஒரு சொட்டு மாறவில்லை, திண்டுக்கல்லில் ஏழு ரூபாய் ஏறிவிட்டது. அந்த ஆண்டு நடந்தது இதுதான். அமெரிக்கா மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த வட்டியை டிசம்பருக்குள் 4.25–4.50 ஆக்கியது, பணம் அங்கே ஓடியது, ஜனவரியில் 74-75 இருந்த டாலர் அக்டோபரில் 82-ஐத் தாண்டியது. ரூபாய் 5 சதவீதம் சரிந்தால் விலை ஏற்றத்தில் 0.35 சதவீதப் புள்ளி கூடும், கச்சா எண்ணெய் 10 சதவீதம் ஏறினால் 0.30 கூடும் என்பது ரிசர்வ் வங்கி தன் பணக் கொள்கை அறிக்கையில் பிற்பாடு போட்ட மதிப்பீடு. ஆகவே வட்டியை ஏற்றியதில் ரூபாயைத் தாங்கிப் பிடிக்கும் நோக்கமும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம்.

ஆனால் அந்த வட்டி இங்கே யாரை முதலில் தொட்டது?

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் வழியாகக் கரூர் போகும் சாலையில் நூற்பாலைகள் வரிசையாக இருக்கின்றன. பஞ்சு உள்ளூரில் போதாது. குஜராத், மகாராஷ்டிரா, தெலங்கானாவிலிருந்து லாரியில் வரும்; நீண்ட இழைப் பஞ்சு எகிப்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வரும். 2021 பட்ஜெட்டில் இறக்குமதிப் பஞ்சுக்கு 11 சதவீதம் வரி போட்டார்கள். 2022 மே மாதம் 356 கிலோ கொண்ட ஒரு கண்டிப் பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. ஓராண்டுக்கு முன் ஏறக்குறைய அதில் பாதி. நூல் விலையைத் தாங்க முடியாமல் திருப்பூர் இரண்டு நாள் கடையடைத்தது.

ஒரு மில்லின் கணக்கை உதாரணத்துக்குப் போட்டுப் பார்ப்போம். எப்போதும் ஆயிரம் கண்டி பஞ்சு இருப்பு வைக்கும் ஆலை. கண்டி 50,000 என்றால் இருப்பில் முடங்கும் பணம் 5 கோடி. அதற்கு வங்கியில் கேஷ் கிரெடிட், வட்டி 9 சதவீதம். ஆண்டுக்கு 45 லட்சம். கண்டி ஒரு லட்சம் ஆனதும் அதே இருப்புக்கு 10 கோடி வேண்டும். ரெப்போ 2023 பிப்ரவரிக்குள் 4-லிருந்து 6.50 ஆகிவிட்டது, 9 என்பது 11.5 ஆனால் வட்டி ஒரு கோடியே 15 லட்சம். ஒரு கதிர்கூட அதிகமாகச் சுற்றவில்லை, ஒரு கிலோ நூல்கூட அதிகமாக இறங்கவில்லை. விலையை அடக்க வந்த வட்டியை மில்காரர் நூல் விலையில் ஏற்றுவார், அல்லது இரவு ஷிப்டை நிறுத்துவார். நூல் ஏறினால் அது சின்னாளபட்டித் தறி வரை போகும். பாடப் புத்தகத்தில் இந்தப் பக்கத்துக்கு இடம் குறைவு.

2019 அக்டோபர் முதல் சிறு, குறு தொழில்களின் மாறும் வட்டிக் கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்ட வேண்டும் என்பது விதி. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது திருத்த வேண்டும். அதே ஆண்டு புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டைச் செய்யும் பட்டறைக்காரர் வங்கிக் கடன் வைத்திருந்தால், மும்பை முடிவு ஒரு காலாண்டுக்குள் அவர் தவணைக்கு வந்துவிடும். பாமாயில் விலைக்கு அந்த முடிவு எப்போது எட்டும் என்று யாராலும் தேதி சொல்ல முடியாது.

பாமாயில் இறங்கத்தான் செய்தது. 2022 மே 23-ஆம் தேதி இந்தோனேசியா தடையை விலக்கியது. மார்ச்சில் மலேசியச் சந்தையில் டன் 7,000 ரிங்கிட்டைத் தாண்டியிருந்தது செப்டம்பரில் பாதியாகிவிட்டது. நியூயார்க் பஞ்சு விலையும் மே உச்சத்திலிருந்து அக்டோபர் முடிவதற்குள் பாதியானது. இங்கே பஞ்சு வரியை ஏப்ரல் 14 முதல் எடுத்தார்கள். மே 21-ஆம் தேதி பெட்ரோலுக்கு 8 ரூபாய், டீசலுக்கு 6 ரூபாய் கலால் வரியைக் குறைத்தார்கள். டீசல் குறைப்பு மறுநாளே லாரி வாடகைப் பேச்சில் வந்தது. என் தீர்ப்பு இது: வெளியிலிருந்து வந்த விலையை இறக்கியதில் வட்டியைவிடச் சுங்கமும் கலாலும் சீக்கிரம் வேலை செய்தன. அதைவிடவும் அதிகம் செய்தது உலகச் சந்தை.

திண்டுக்கல் மாவட்டத்து அய்யலூர் தக்காளிச் சந்தையில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். 2023 ஜூலையில் தக்காளி விலை நாட்டையே உலுக்கியபோது நுகர்வோர் விலை ஏற்றம் 7.44 சதவீதத்துக்குப் போனது. ஆகஸ்டில் கூடிய குழு வட்டியைத் தொடவில்லை. சரியான முடிவு, வட்டியை ஏற்றினால் செடி சீக்கிரம் காய்க்காது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கித் தவணையில் கட்டுகிற தமிழ்நாட்டு விவசாயிக்கு வட்டியே கிடையாது என்பதால் அவரை அது தொடவும் செய்யாது. அந்த நேரம் நேபாளத்திலிருந்துகூடத் தக்காளி இறக்குமதி செய்தார்கள். இன்னொரு பக்கமும் உண்டு: 2025 அக்டோபரில் விலை ஏற்றம் 0.25 சதவீதம், உணவு விலை முந்தைய ஆண்டைவிட 5 சதவீதம் கீழே. இலக்குக்குக் கீழே போன எண் மும்பையில் வட்டிக் குறைப்புக்கு வழிவிட்டது. காய்கறி விளைவித்தவருக்கு அதே எண் பறிகூலி தேறுமா என்ற கேள்வி.

இவ்வளவு சொன்னாலும் 4 என்ற எண் வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. எண் இல்லாத காலத்தில் விலை ஏறினால் மழையைச் சொல்வார்கள், எண்ணெய் நாடுகளைச் சொல்வார்கள், பதுக்கல்காரரைச் சொல்வார்கள். பதில் சொல்ல ஆள் இருக்காது. இப்போது சட்டம் ஆளைக் காட்டுகிறது. தொடர்ந்து மூன்று காலாண்டு சராசரி 6-க்கு மேல் போனால், ஏன் தவறியது, என்ன செய்யப் போகிறோம், எப்போது இலக்குக்குத் திரும்புவோம் என்று ரிசர்வ் வங்கி அரசுக்கு அறிக்கை எழுத வேண்டும். 2022 ஜனவரி முதல் செப்டம்பர் வரை அப்படித்தான் தவறியது. நவம்பர் 3-ஆம் தேதி அதற்காகவே குழு தனியாகக் கூடியது. சக்திகாந்த தாஸ் ஆளுநராக இருந்த ரிசர்வ் வங்கியிலிருந்து அறிக்கை டெல்லிக்குப் போனது. வெளியிடுவீர்களா என்று நாடாளுமன்றத்தில் கேட்டபோது, வெளியிடச் சட்டத்தில் இடமில்லை என்று நிதியமைச்சகம் பதில் சொன்னது. லண்டனில் இங்கிலாந்து வங்கியின் ஆளுநர் இதே காரணத்துக்கு எழுதும் கடிதம், நிதியமைச்சரின் பதிலோடு சேர்த்துப் பொதுவில் வருகிறது.

வேடசந்தூர் மில்லும் பூட்டுப் பட்டறையும் கூடுதல் வட்டியைக் கட்டிவிட்டன. பரோட்டாக் கடை கூடுதல் விலைக்கு டின் வாங்கிவிட்டது. அந்தத் தவறில் இறக்குமதி விலை எவ்வளவு, ரூபாய் எவ்வளவு, தாமதமான வட்டி எவ்வளவு என்று ரிசர்வ் வங்கி தன் கைப்பட எழுதிய கணக்கு அந்த அறிக்கையில் இருக்க வேண்டும். சட்டத்தில் இடமில்லை என்றால் ஒரு வரி திருத்தம் போதும். நிதியமைச்சகம் அதைச் செய்து, 2022 அறிக்கையை வெளியிட வேண்டும்.